இரு பள்ளிகளும் இரு இலக்கியங்களும்

ஆப்பிரிக்க இலக்கியம் என்று உலகம் இன்று போற்றும் நூல்களுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்கருக்குத் தாய்மொழி அல்லாத இரண்டு மொழிகளில் எழுதப்பட்டவை. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று பிரெஞ்சு. அரபு மொழியிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் எழுதியோர் உளர்; தத்தம் தாய்மொழியிலேயே எழுதிப் புகழ் பெற்றோரும் உளர். ஆயினும் கடல் கடந்து நம் கைக்கு வந்து சேர்பவை மிகுதியும் அவ்விரு மொழி நூல்களே.

இவ்விரு மொழிகளில் எழுதியோரும் ஒரே கண்டத்து மக்கள். ஒரே வகை அடிமைத்தனத்தை அனுபவித்தவர்கள். ஏறத்தாழ ஒரே காலத்தில் விடுதலை பெற்றவர்கள். அவ்வாறு இருந்தும் இவர்கள் எழுத்தில் காணப்படும் வேறுபாடு சிறிதன்று. பிரெஞ்சில் எழுதியோர் முதற்கண் பாட்டாகப் பாடினர். ஆங்கிலத்தில் எழுதியோர் கதையாகச் சொல்லினர். முன்னவர் தம் கருமையின் பெருமையை ஒரு கொள்கையாகவே வகுத்து முழங்கினர். பின்னவருள் பலர் அம்முழக்கத்தைக் கேட்டுப் புன்னகை புரிந்தனர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

அரசியல் வல்லார் ஆட்சிமுறையைக் காரணமாகக் கூறுவர். பொருளியல் வல்லார் வாணிகத்தைக் கூறுவர். நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை வகுப்பறையையே உலகமாகக் கொண்டு வாழ்ந்தவன். ஆகவே என் கண் பள்ளிக்கூடத்தின்மீது செல்கிறது. ஆங்கிலேயர் ஆப்பிரிக்காவில் அமைத்த பள்ளி ஒரு வகை. பிரெஞ்சுக்காரர் அமைத்த பள்ளி மற்றொரு வகை. அவ்விரு பள்ளிகளே இவ்விரு இலக்கியங்களையும் ஈன்றன என்பதே இன்று நான் சொல்ல விரும்பும் கருத்து. பிரெஞ்சு நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே நான் படித்திருக்கிறேன் என்பதையும் முதலிலேயே கூறிவிடுகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவின் படத்தைப் பார்ப்போருக்கு ஒரு வியப்பு தோன்றும். செனகல் என்னும் நாட்டின் வயிற்றுக்குள்ளே, ஓர் ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டி, ஒரு விரல் நீட்டினாற்போலக் காம்பியா என்னும் சிறிய நாடு கிடக்கிறது. 1884-85இல் பெர்லின் மாநாடு நடந்தது. அதனை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவைக் கூறு போட்டுக்கொண்டன. அப்போது காம்பியா ஆங்கிலேயருக்கும், சுற்றியுள்ள செனகல் பிரெஞ்சுக்காரருக்கும் உரியவை என எல்லை வகுக்கப்பட்டது. எல்லையின் இருபுறத்திலும் வொலோஃப் மொழி பேசும் மக்கள் வாழ்கின்றனர். கோட்டுக்கு இப்பால் பிறந்த குழந்தை ஆங்கிலப் பாடம் படித்தது. அப்பால் பிறந்த குழந்தை பிரெஞ்சுப் பாடம் படித்தது. யொரூபா மக்கள் ஆங்கில நைஜீரியாவிலும் பிரெஞ்சுத் தாகோமேயிலும் பிரிந்தனர். ஹௌசா மக்கள் நைஜீரியாவிலும் நைஜரிலும் பிரிந்தனர். ஒரே பாட்டியின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இரு வேறு பள்ளிகளுக்குச் சென்றார்கள் என்றால் மிகையாகாது.

முதலில் பிரெஞ்சுப் பள்ளியைக் காண்போம். தம் நாகரிகமே மனித நாகரிகம் என்று பிரெஞ்சுக்காரர் நம்பினர். ஆகவே ஆப்பிரிக்கரை ஆப்பிரிக்கராகவே வைத்து ஆள்வது அவர்கள் நோக்கமன்று. அவருள் ஒரு சிலரையாவது பிரெஞ்சுக்காரர் ஆக்கிவிட வேண்டும் என்பதே நோக்கம். இதற்கு அவர்கள் ஒருமையாக்கம் என்று பெயரிட்டனர். செனகலின் நான்கு நகரங்களில் பிறந்தோர்க்குப் பிரெஞ்சுப் பாராளுமன்றத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. 1914-ஆம் ஆண்டில் பிளேஸ் தியாஞ் என்னும் கறுப்பர் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டுப் பாரிஸ் சென்று அமர்ந்தார். வெளித்தோற்றத்தில் இது பெருந்தன்மையே. ஆனால் அதற்குரிய விலை பள்ளியில் வாங்கப்பட்டது.

அப்பள்ளியில் முதல் நாள் முதற்கொண்டு பிரெஞ்சு ஒன்றே மொழி. தாய்மொழியில் பேசிய சிறுவன் கையில் ஒரு சிறு பொருளைக் கொடுப்பார்கள்; சில இடங்களில் அதைக் கழுத்தில் மாட்டுவார்கள். அதற்குச் 'சின்னம்' என்று பெயர். அவன் அதைச் சுமந்து திரிந்து, தாய்மொழியில் பேசும் வேறொரு சிறுவனைக் கண்டுபிடித்து அவனிடம் தள்ளிவிட வேண்டும். மாலையில் அது யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. ஐவரி கோஸ்டின் எழுத்தாளர் பெர்னார் தாதியே 1956-இல் வெளியிட்ட 'கிளிம்பியே' என்னும் நூலில் இவ்வழக்கத்தைச் சித்திரித்துள்ளார். மாணவனை மாணவனே ஒற்றுப் பார்க்கச் செய்யும் இம்முறையைப் போலக் கொடியதொன்றை ஆசிரியப் பயிற்சி நூல் எதிலும் நான் படித்ததில்லை.

அத்தாதியே பயின்ற உயர்பள்ளி, வில்லியம் பொந்தி பள்ளி எனப்படும். அது ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. செனகலில், முதலில் கோரே தீவிலும் பின்னர் செபிகொத்தான் என்னும் இடத்திலும் அது நடைபெற்றது. பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலுமிருந்து பொறுக்கி எடுத்த மாணவர் அங்கே சேர்க்கப்பட்டனர். ஐவரி கோஸ்டின் முதற் குடியரசுத் தலைவர் ஊஃபுவே புவாஞி, மாலி நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் மொதிபோ கேய்த்தா ஆகியோர் அதன் பழைய மாணவர்களே. அங்கே விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், தம் ஊர் வழக்கங்களையும் சடங்குகளையும் பற்றி ஒரு கட்டுரை எழுதி வர வேண்டும் என்பது விதி. அதையும் பிரெஞ்சிலேயே எழுத வேண்டும். தன் வீட்டையே அயலான் கண்கொண்டு பார்த்து, அயலான் மொழியில் அறிக்கை எழுதப் பழகிய மாணவர்கள் அவர்கள். பிற்காலத்துப் பிரெஞ்சு ஆப்பிரிக்க எழுத்தின் விதை இப்பயிற்சியில் இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

இக்கல்வியின் உச்சியை எட்டியவர் லெயோபோல் செதார் செங்கோர். அவர் 1906-இல் செனகலின் கடற்கரை ஊராகிய ஜோவாலில் பிறந்தார். பாதிரிமார் பள்ளியில் பயின்றார். 1928-இல் பாரிஸ் சென்றார். 1935-இல் பிரெஞ்சு இலக்கணத்திற்கான மிக உயர்ந்த ஆசிரியத் தேர்வில் வென்றார். அத்தேர்வில் வென்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே. பின்னர்ப் பிரான்சிலேயே பள்ளி ஆசிரியராகிப் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார்! ஒருமையாக்கம் முழு வெற்றி பெற்ற மனிதர் அவர் என்று சொல்ல வேண்டும்.

ஆனால் நடந்தது வேறு. பிரெஞ்சுக்காரனாகவே ஆகிவிட்ட பிறகும் பாரிஸ் தெருவில் தான் கறுப்பனே என்பதை அவர் உணர்ந்தார். மார்த்தினிக் தீவிலிருந்து வந்த எமே செசேர், தென்னமெரிக்கக் கயானாவிலிருந்து வந்த லெயோன் தாமா ஆகிய இரு மாணவரும் அவ்வாறே உணர்ந்தனர். இம்மூவரும் கூடி உருவாக்கியதே 'நெக்ரித்யூது' என்னும் கொள்கை. கறுப்பினராய் இருக்கும் தன்மை என்று அதற்குப் பொருள் கூறலாம். வசையாக வழங்கிய ஒரு சொல்லையே எடுத்து, அதையே மணிமுடியாகச் சூட்டிக்கொண்டார்கள். செசேரின் நெடும்பாடல் 1939-இல் வெளிவந்தது. செங்கோரின் முதற் கவிதைத் தொகுதி 1945-இல் வெளிவந்தது. அலியூன் தியோப் என்பார் 1947-இல் 'பிரசான்ஸ் ஆஃப்ரிக்கேன்' என்னும் இதழைப் பாரிசில் தொடங்கினார். மறு ஆண்டில் செங்கோர் தொகுத்த கறுப்பினக் கவிதைத் திரட்டுக்கு ஜான் பால் சார்த்தர் முன்னுரை எழுதினார். 1956-இல் கறுப்பின எழுத்தாளர், கலைஞர் ஆகியோரின் முதல் மாநாடு சோர்போன் பல்கலைக்கழகத்திலேயே கூடியது.

இவை அனைத்தும் நடந்த இடம் பாரிஸ் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இழந்தவனுக்கே இழந்த பொருளின் அருமை தெரியும். தாய்மொழி பறிக்கப்பட்டு, ஊரினின்று வெகுதொலைவு அழைத்துச் செல்லப்பட்டவன், ஆப்பிரிக்காவை நினைந்து நினைந்து பாடினான். அவன் பாட்டில் ஆப்பிரிக்கா ஒரு தாயாகவும், இரவாகவும், முரசாகவும் வந்தது. நாள்தோறும் காணும் ஒருவரை நாம் பாடுவதில்லை; பிரிந்தவரைத்தான் பாடுகிறோம்.

இச்செங்கோருக்கும் தமிழுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1960 முதல் 1980 வரை செனகலின் குடியரசுத் தலைவராய் விளங்கிய காலத்தில், ஆப்பிரிக்க மொழிகளையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஆராய்வதில் அவர் பேரார்வம் காட்டினார். தமிழறிஞர் க. ப. அறவாணன் செனகலின் தலைநகராகிய தக்காரில் இருந்த பல்கலைக்கழகத்தில் பணியாற்றியது அவ்வார்வத்தின் பயனாகும்.

இனி ஆங்கிலேயர் பள்ளிக்கு வருவோம். ஆப்பிரிக்கரை ஆங்கிலேயர் ஆக்கும் ஆசை ஆங்கிலேயருக்கு இருந்ததில்லை. அது பெருந்தன்மையினால் அன்று. தமக்கு அவர்கள் நிகராவர் என்னும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. உள்ளூர்த் தலைவர்களைக் கொண்டே ஆள்வது அவர்கள் முறை. கல்வியைப் பெரும்பாலும் கிறித்தவச் சபைகளிடம் விட்டுவிட்டனர். சபையாருக்கோ வேதத்தைப் பரப்ப வேண்டும். அதற்கு மக்கள் மொழி வேண்டும். ஆகவே பாதிரிமார் உள்ளூர் மொழிகளைக் கற்று, எழுத்து வகுத்து, இலக்கணமும் அகராதியும் எழுதினர். சாமுவேல் அஜாயி குரௌதர் என்னும் யொரூபா மனிதர் சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, கடலில் மீட்கப்பட்டு, சியரா லியோனில் 1827-இல் தொடங்கிய ஃபூரா பே கல்லூரியில் பயின்றார். அவர் 1843-இல் யொரூபா சொற்றொகுதி ஒன்றை வெளியிட்டார். 1864-இல் ஆங்கிலத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர் ஆனார். பிரிட்டிஷ் அரசும் 1925-இல் வெளியிட்ட கல்விக் கொள்கை அறிக்கையில் தொடக்கக் கல்வியில் தாய்மொழிக்கு இடமளித்தது.

இதன் விளைவு என்ன? ஃபாகுன்வா என்னும் பள்ளி ஆசிரியர் 1938-இல் யொரூபா மொழியிலேயே ஒரு நாவலை எழுதி வெளியிட முடிந்தது. வேட்டைக்காரனும் பேய்க்காடும் வரும் அக்கதையைப் பள்ளிப் பிள்ளைகள் படித்து மகிழ்ந்தனர். ஆங்கிலத்தில் எழுத வந்தவரும் தம் ஊரை விட்டு அகலவில்லை. சினுவா ஆச்செபே 1930-இல் பிறந்தவர்; அவர் தந்தையார் சபையின் ஊழியர். வீட்டில் இக்போ மொழி, பள்ளியில் ஆங்கிலம், அண்டை வீட்டில் பழைய தெய்வங்களின் பூசை. 1948-இல் இபாதானில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அவர் அங்கே முதல் மாணவருள் ஒருவராகச் சேர்ந்தார். மருத்துவம் படிக்க வந்தவர் இலக்கியத்திற்கு மாறினார். பாரிசுக்குச் சென்று ஆப்பிரிக்காவைக் கண்டுபிடிக்கும் தேவை அவருக்கு நேரவில்லை.

1958-இல் அவர் எழுதி வெளிவந்த முதல் நாவல், தமிழிலும் 'சிதைவுகள்' என்னும் பெயரில் வந்துள்ளது. அதில் வரும் ஒக்கொங்வோ குறையற்ற வீரன் அல்லன். அவன் மனைவியை அடிக்கிறான். தன் நிழலில் வளர்ந்த சிறுவனைக் கொல்லத் துணிகிறான். வெள்ளையர் வருமுன் இருந்த ஊர் பொன்னுலகம் என்று ஆச்செபே பாடவில்லை. அங்கே நீதியும் இருந்தது, கொடுமையும் இருந்தது, அது மனிதர் வாழ்ந்த ஊர் என்று காட்டினார். வோலே சொயிங்காவோ ஒரு படி மேலே சென்றார். புலியானது தான் புலி என்று பறைசாற்றித் திரிய வேண்டியதில்லை, பாய்ந்தால் போதும் என்னும் பொருள்பட அவர் கூறிய நகையுரை நெக்ரித்யூதுக் கவிஞரை நோக்கி எய்த அம்பாகும். இச்சொயிங்காவே 1986-இல் நோபெல் பரிசு பெற்றார்.

பள்ளியின் தடம், கருத்தில் மட்டுமன்றி நடையிலும் பதிந்திருக்கிறது. அமோஸ் டுட்டுவோலா என்பவர் ஆறாண்டு அளவே பள்ளி சென்றவர். லாகோஸ் நகரில் ஓர் அரசு அலுவலகத்தின் ஏவலாளர். அவர் எழுதிய கள் குடியன் கதையை 1952-இல் இலண்டன் நிறுவனமொன்று, யொரூபா மணம் வீசும் அவருடைய வழுவுள்ள ஆங்கிலத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டு வெளியிட்டது. நைஜீரியாவின் படித்த மக்கள் பலர் நாணினர், இலண்டன் மெச்சியது. ஆச்செபேயோ திருந்திய ஆங்கிலத்தில் இக்போ பழமொழிகளை நட்டு வளர்த்தார். ஆங்கிலம் ஆப்பிரிக்கரின் அனுபவத்தைச் சுமக்க வேண்டுமானால் அது வளைந்து கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆங்கிலத்திற்கு ஒரு மொழிக் கழகம் இல்லை. ஆகவே வளைப்போரைத் தடுப்பாரும் இல்லை.

பிரெஞ்சு அத்தகையதன்று. அதற்கு 1635 முதல் ஒரு மொழிக் கழகம் காவல் நிற்கிறது. ஐவரி கோஸ்டின் அகமது கூருமா, தம் மலின்கே மொழியின் பேச்சு முறையைப் பிரெஞ்சுக்குள் புகுத்தி ஒரு நாவல் எழுதினார். பாரிஸ் பதிப்பாளர் அதை ஏற்கவில்லை. கடல் கடந்து கனடாவின் மொன்றியல் நகரில் அது பரிசு பெற்று 1968-இல் வெளிவந்தது. அதன் பின்னரே, 1970-இல், பாரிஸ் அதைப் பதிப்பித்தது. ஒருபுறம், ஏவலாளரின் வழுவுள்ள ஆங்கிலத்தை 1952-இலேயே இலண்டன் ஏற்றது. மறுபுறம், தெரிந்தே இலக்கணத்தை நெகிழ்த்திய ஓர் எழுத்தாளருக்குப் பாரிசின் கதவு பதினெட்டாண்டு கழித்தே திறந்தது. செங்கோரோ 1983-இல் அப்பிரெஞ்சு மொழிக் கழகத்திற்கே உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமை பெற்ற முதல் ஆப்பிரிக்கரும் அவரே.

இக்கருத்துக்கு மறுப்பு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பிரெஞ்சில் எழுதியோர் எல்லாரும் ஏக்கப் பாட்டுப் பாடியவர் அல்லர். கினி நாட்டின் கமரா லாயே 1953-இல் தம் இளமைக் காலத்தை இனிமை ததும்ப எழுதினார். கேமரூனின் மோங்கோ பெத்தி அதைக் கடிந்தார்; ஆட்சியாளரின் கொடுமையைக் காணாத இனிமை யாருக்கு வேண்டும் என்பது அவர் கருத்து. 1956-இல் அவரும் ஃபெர்தினான் ஓயோனோவும் ஆளுக்கொரு நாவல் வெளியிட்டனர். பாதிரியாரையும் வெள்ளை அதிகாரியையும் ஒரு பணியாளச் சிறுவன் கண்ணால் நோக்கி நகையாடும் கதைகள் அவை. அந்நகைப்பிலும் ஒன்றைக் காண்கிறேன். அங்கே நகையாடப்படுவது, 'நீ பிரெஞ்சுக்காரன் ஆகலாம்' என்ற பொய் வாக்குறுதியே. வாக்குறுதி கொடுத்தவனைத்தானே ஏமாற்றுக்காரன் என்று நகையாட முடியும்? ஆங்கிலேயர் அத்தகைய வாக்குறுதி கொடுத்ததில்லை. ஆகவே பிரெஞ்சில் பாடியவரும் எள்ளியவரும் ஒரே பள்ளிக்கு விடை கூறியவர்களே.

இன்னொரு மறுப்பு செம்பேன் உஸ்மான். அவர் தலைமையாசிரியரோடு கைகலந்து பள்ளியினின்று நீக்கப்பட்டவர் என்பர். தலைமையாசிரியனாக இருந்தவன் இதைச் சொல்லும்போது சிறிது தயங்கத்தான் வேண்டும். ஆயினும் அச்சிறுவனை இழந்தது அப்பள்ளியின் இழப்பு. அவர் மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார், தாமாகவே படித்தார், தொழிற்சங்கத்தில் பேசினார். தக்காருக்கும் நைஜர் ஆற்றுக்கும் இடையே ஓடிய இருப்புப்பாதையில் 1947-48இல் தொழிலாளர் ஐந்து மாதம் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய நாவல் 1960-இல் வந்தது. அதில் முரசுமில்லை, முழக்கமுமில்லை. பசியும் குடிநீரும் கால்நடையாய்ச் செல்லும் பெண்களுமே உள்ளனர். பிரெஞ்சுப் பள்ளி முழுமையாகத் தொடாத ஒருவர் ஆச்செபேயைப் போலவே ஊரைக் கதையாகச் சொன்னார் என்பது, என் கருத்தை மறுப்பதினும் வலியுறுத்துவதாகவே தோன்றுகிறது.

இவ்விரு திறத்தாரும் ஒருவரை ஒருவர் அறிந்த வழி யாது? அங்கேதான் துயரம் இருக்கிறது. நைஜீரியாவும் கேமரூனும் அண்டை நாடுகள். ஆயினும் ஓயோனோவின் கதையை நைஜீரிய மாணவன் படிக்க, அது இலண்டனில் ஆங்கிலமாகி, 1962-இல் தொடங்கிய 'ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை'யில் அச்சாகிக் கப்பலேறி வர வேண்டியிருந்தது. கேமரூன் தன்னுள்ளேயே இரண்டுபட்ட நாடு. ஜெர்மானியரிடமிருந்த அந்நிலம் முதல் உலகப்போருக்குப் பின் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் பங்கிடப்பட்டது. 1961-இல் ஆங்கிலப் பகுதியின் தென்பாகம் பிரெஞ்சுப் பகுதியோடு இணைந்தது. 2016-இல் ஆங்கிலப் பகுதியின் ஆசிரியரும் வழக்கறிஞரும், தம் பள்ளிகளிலும் நீதிமன்றங்களிலும் பிரெஞ்சு வழக்கம் திணிக்கப்படுவதாகக் கூறிக் கிளர்ச்சி செய்தனர். அது ஆயுதப் போராக மூண்டு, பலர் உயிரிழந்தனர்; பள்ளிகள் மூடிக் கிடந்தன. தமக்குத் தாய்மொழி அல்லாத இரண்டு மொழிகளுக்காக அண்ணன் தம்பியர் போரிடும் நிலையைப் பள்ளிக்கூடம் உண்டாக்கிவிட்டது.

1962-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் உகாண்டாவின் மக்கெரேரே கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு ஒன்று கூடியது. அதன் பெயரிலேயே 'ஆங்கிலத்தில் எழுதும்' என்னும் அடைமொழி இருந்தது. ஆச்செபே வந்தார், சொயிங்கா வந்தார். யொரூபாவில் எழுதிய ஃபாகுன்வாவுக்கும் சுவாகிலி மொழியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கும் அங்கே இடமில்லை. அடுத்த ஆண்டு நைஜீரியாவின் ஓபி வாலி ஒரு கட்டுரை எழுதினார். ஐரோப்பிய மொழிகளில் எழுதுவோர் செல்லும் பாதை முட்டுச்சந்தில் முடியும் என்று அவர் எச்சரித்தார். பலர் அவர்மேல் சினந்தனர். ஆனால் அக்கேள்வி மடியவில்லை.

அம்மாநாட்டில், எழுதி முடிக்காத தம் நாவலை ஆச்செபேயிடம் காட்டிய மாணவர் ஒருவர் இருந்தார். அவரே கென்யாவின் கூகி வா தியாங்கோ. 'ஆங்கிலேயர் பள்ளி தாய்மொழிக்கு இடம் கொடுத்தது' என்று நான் முன்னே சொன்னதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை அவர் வாழ்க்கையே காட்டும். அவர் சிறுவராய்ப் படித்த பள்ளியில் கிகூயூ மொழியே வழங்கியது. 1952-இல் விடுதலைப் போரை ஒடுக்க நெருக்கடி நிலை அறிவித்த ஆங்கில அரசு, நாட்டுப் பற்றாளர் நடத்திய பள்ளிகளைக் கைப்பற்றியது. உடனே ஆங்கிலம் கட்டாயம் ஆயிற்று. கிகூயூ பேசிய பிள்ளைக்குப் பிரம்படி கிடைத்தது. 'நான் கழுதை' என்று எழுதிய தகட்டைக் கழுத்தில் சுமக்கும் தண்டனையும் இருந்தது. ஒரு பொத்தான் கைக்குக் கை மாறி, மாலையில் குற்றவாளியைக் காட்டிக் கொடுத்தது. பிரெஞ்சுப் பள்ளியின் அதே சின்னம்! கொள்கையில் வேறுபட்டிருந்த இரு ஆட்சியாளரும், அச்சம் வந்தபோது ஒரே கருவியைக் கையில் எடுத்தனர்.

கூகி ஆங்கிலத்தில் நான்கு நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றார். 1977-இல் கமிரீத்து என்னும் சிற்றூரில் உழவரும் தொழிலாளரும் நடிக்க, கிகூயூ மொழியில் ஒரு நாடகத்தை உருவாக்கினார். ஆங்கில நூல்களில் அவர் அரசைக் கடிந்தபோது பொறுத்த அரசு, ஊரார் மொழியில் கடிந்தபோது பொறுக்கவில்லை. அவ்வாண்டு இறுதியில், விடுதலை பெற்ற கென்யாவின் அரசே, விசாரணையின்றி அவரைச் சிறையிட்டது. சிறையில் கழிப்பறைத் தாளில் கிகூயூ மொழியில் அவர் எழுதிய நாவல் 1980-இல் வெளிவந்தது. அதுவே தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' ஆயிற்று. 2025 மே திங்களில் மறையும்வரை அவர் தம் மொழியைக் கைவிடவில்லை.

செம்பேனும் அதே வாயிலை வந்தடைந்தார். தம் நாவல்களைத் தம் மக்கள் படிக்க இயலாது என்பதை உணர்ந்து திரைப்படத்திற்குச் சென்றார். 1968-இல் அவர் எடுத்த 'மந்தாபி' என்னும் படம் வொலோஃப் மொழியில் பேசியது. எழுத்தறியாத கிழவியும் அதனைக் கேட்டுச் சிரிக்க முடிந்தது. பின்னர் 1970களில் அவருடைய மற்றொரு படத்தைச் செங்கோரின் அரசு தடை செய்தது. படத்தின் பெயராகிய வொலோஃப் சொல்லில் ஓர் எழுத்து இரட்டிக்கலாமா கூடாதா என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வேறு காரணங்களும் இருந்தன என்று கருதுவோர் உண்டு. எவ்வாறாயினும், இலக்கண ஆசிரியர் நாடாளும்போது எழுத்துப்பிழையும் அரசியற் குற்றம் ஆகிவிடுகிறது!

நேயர்களே, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதிய ஆப்பிரிக்கருள் யார் உயர்ந்தவர் என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. செங்கோரின் பாடல் இல்லையேல் ஓர் இனம் தலை நிமிர்ந்திராது. ஆச்செபேயின் கதை இல்லையேல் அவ்வினத்தை மனிதராக உலகம் அறிந்திராது. ஆசிரியர் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்லலாம். ஒரு குழந்தையின் வாயினின்று அதன் மொழியைப் பறித்துவிட்டு வேறொரு மொழியைக் கொடுக்கும் பள்ளி, சில வேளை பெருங்கவிஞனை உருவாக்கக்கூடும். ஆனால் அக்கவிஞனின் தாய் அவன் கவிதையைப் படிக்க மாட்டாள். தாய்மொழியை வைத்துக்கொண்டே வேறொரு மொழியையும் கற்பிக்கும் பள்ளிக்கு அந்தக் குறை இல்லை.

இப்பொழுது ஆப்பிரிக்காவில் அதற்கான அறிகுறி தோன்றியிருக்கிறது. செனகலின் பூபக்கர் போரிஸ் தியோப் பிரெஞ்சில் பல நாவல்கள் எழுதியவர். அவர் 2003-இல் ஒரு நாவலை வொலோஃப் மொழியில் எழுதினார். ஆறாண்டு கழித்து 2009-இல் தாமே அதைப் பிரெஞ்சில் ஆக்கித் தந்தார். கூகியும் கிகூயூவில் எழுதிய பின்னரே தம் நாவல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். முன்பு பள்ளிச் சிறுவன் தன் வீட்டைப் பற்றி முதலில் அயல்மொழியில் எழுதினான். இன்று அவ்வரிசை மாறியிருக்கிறது: வீட்டு மொழி முதலில், உலக மொழி பின்னர்.